ஸ்கேன் ரிப்போர்ட்டில் சினைப்பை: எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

மாதம் ஒரு முட்டை. இந்த மாதம் வலது பக்கம் என்றால் அடுத்த மாதம் இடது பக்கம். சினைப்பையைப் பற்றிப் பள்ளிப் பாடத்திலிருந்து பெரும்பாலோருக்கு மிச்சமிருப்பது இதுதான். இரண்டாம் பாதி தவறு. இரண்டு சினைப்பைகளும் முறை வைத்துக்கொள்வதில்லை. ஒன்றை அறுவை செய்து எடுத்துவிட்டாலும் மற்றொன்று மாதாமாதம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல் பாதி பொய்யில்லை, ஆனால் முக்கியமானதை மறைத்துவிடுகிறது. இளவயதில் ஒரு முட்டை வெளியே வரும் அதே மாதத்தில் பல நூறு முட்டைகள் உள்ளேயே அழிந்துபோகின்றன. சினைப்பையில் இடைவிடாமல் நடப்பது அந்த அழிவுதான். முட்டை வெளியேறுவது அபூர்வம். இதைப் புரிந்துகொண்டால் நீர்க்கட்டி, ஏ.எம்.எச். (முட்டைக் கையிருப்பை ஊகிக்க உதவும் ரத்தப் பரிசோதனை), பி.சி.ஓ.எஸ். (முட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு), மெனோபாஸ் என்ற சொற்கள் கிளப்பும் பயத்தில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி, பயப்பட வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

கணக்கைப் பார்ப்போம். பெண் சிசு தாய் வயிற்றில் 20 வாரம் ஆகும்போது அதன் இரு சினைப்பைகளிலும் சேர்த்து 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பூப்படையும்போது 3 முதல் 4 லட்சம். வாழ்நாள் முழுவதும் வெளியேறுபவை 400 அல்லது 500 மட்டும். மாதவிடாய் நிற்கும் வேளையில் சுமார் ஆயிரம் மிஞ்சியிருக்கும். மற்ற அனைத்தும் வளரத் தொடங்கியோ, தொடங்காமலோ உள்ளேயே கரைந்தவை.

இதிலிருந்து நேரடியாக வரும் சில விஷயங்களைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவற்றில்தான் குழப்பம் அதிகம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முட்டை சேமிப்பாகாது. மாத்திரை தடுப்பது வெளியேற்றத்தை மட்டும், அழிவை அல்ல. அதேபோல், டெஸ்ட் டியூப் சிகிச்சையில் ஒரே மாதத்தில் 10, 12 முட்டை எடுத்தால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. ஊசிமருந்து வளர்த்தெடுப்பது அந்த மாதம் எப்படியும் அழியவிருந்தவற்றைத்தான். புகைப்பழக்கம் வேறு விஷயம். அது உண்மையாகவே அழிவை விரைவுபடுத்தி, மாதவிடாய் நிற்பதை ஓரிரு ஆண்டு முன்னால் கொண்டுவருகிறது.

முட்டை தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு செல் உறை இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் ஃபாலிக்கிள். உறங்கும் நிலையில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. விழித்தெழுந்து முழு வளர்ச்சி அடையப் பல மாதங்கள் ஆகும். அதில் பெரும்பகுதிக்கு மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். அவ்வளவாகத் தேவைப்படாது. கடைசி இரண்டு வாரம்தான் நாம் மாதச் சுழற்சி என்று சொல்வது. மாதவிடாயின் தொடக்க நாள்களில் எஃப்.எஸ்.எச். சற்று உயரும்போது, 2 முதல் 5 மி.மீ. அளவில் தயாராக இருக்கும் ஒரு கூட்டம் வளரத் தொடங்குகிறது. ஃபாலிக்கிளின் வெளிச் செல்கள் எல்.எச். தூண்டலால் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனைச் செய்கின்றன. உட்புறத்துக் கிரானுலோசா செல்கள் எஃப்.எஸ்.எச். தூண்டலால் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஈஸ்ட்ரோஜன் கூடக்கூட எஃப்.எஸ்.எச். குறைகிறது. குறைந்த எஃப்.எஸ்.எச்.சிலும் தாக்குப்பிடிக்கும் ஒன்று முன்னேற, மற்றவை பட்டினியில் சாகின்றன. முன்னேறியது நாளுக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளர்ந்து 18 முதல் 24 மி.மீ. தொடுகிறது. உயர்ந்த ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் எல்.எச். ஒரேயடியாக எகிறுகிறது. அந்த எகிறல் தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வந்துவிடும். வந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்.

காலியான ஃபாலிக்கிள் வீணாவதில்லை. கார்பஸ் லூட்டியமாக மாறி, புரோஜெஸ்ட்டிரோன் சுரந்து, சுமார் 14 நாளில் ஓய்கிறது. கரு தங்கினால் மட்டும், அது சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் அதற்கு ஆயுள் நீட்டிப்புத் தருகிறது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. முட்டை வெளியானதா என்று பார்க்க "21ஆம் நாள் புரோஜெஸ்ட்டிரோன்" எழுதிக்கொடுப்பது வழக்கம். 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளியாவதே 21ஆம் நாள்வாக்கில்தான். அன்று ரத்தம் எடுத்தால் அளவு குறைவாக வந்து, முட்டையே வெளியாகவில்லை என்று ரிப்போர்ட் சொல்லும். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்று கணக்கிட வேண்டும், அதாவது 28ஆம் நாள். மி.லி.க்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது. சிறுநீரில் எல்.எச். பார்க்கும் பட்டைக்கும் ஒரு குறை உண்டு: பி.சி.ஓ.எஸ். உள்ள சிலருக்கு எல்.எச். எப்போதுமே தூக்கலாக இருப்பதால் பல நாள் தொடர்ந்து பாசிட்டிவ் காட்டும்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். 12ஆம் நாள் எடுத்த ஸ்கேனில் "22 மி.மீ. நீர்க்கட்டி" என்று எழுதியிருந்தால் அது நோய் அல்ல, அந்த மாதத்து ஃபாலிக்கிள். மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் 3 செ.மீ. வரையிலான, மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் கொண்ட வட்டத்தைக் கட்டி என்றே அழைக்கத் தேவையில்லை. வெடிக்காமல் நின்றுபோன ஃபாலிக்கிளும், உள்ளே ரத்தம் கசிந்த கார்பஸ் லூட்டியமும் 5, 6 செ.மீ. வரை வீங்கிவிட்டுத் தாமாகவே வடிந்துவிடும். எளிய நீர்க்கட்டி 5 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தொடர் ஸ்கேன்கூட வேண்டாம். 5 முதல் 7 வரை என்றால் ஆண்டுக்கொரு முறை பார்க்கலாம். அதற்கு மேல் போனால் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவை பற்றிப் பேசலாம். சந்தேகத்தில் மறு ஸ்கேன் எடுப்பதானால் 6 முதல் 8 வாரம் கழித்து, அதுவும் மாதவிடாய் முடிந்த கையோடு எடுக்க வேண்டும். சுழற்சியின் பின்பாதியில் எடுத்தால் புதிதாக ஒரு கார்பஸ் லூட்டியம் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய கட்டி கரையவில்லை என்று தோன்றும். கட்டி கரைய மூன்று மாதம் கருத்தடை மாத்திரை தருவது பழைய வழக்கம். சோதித்துப் பார்த்ததில், மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் கட்டி ஒரே வேகத்தில்தான் கரைந்தது.

ரிப்போர்ட்டில் சென்டிமீட்டரைவிட முக்கியமான சொற்கள் வேறு. உள்ளே கெட்டியான பகுதி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டுகள், தடித்த பல தடுப்புச் சுவர்கள், அவற்றில் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர். இவற்றில் ஒன்று இருந்தாலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடாது. முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும் டெர்மாய்டு கட்டி தானாகக் கரையாது, மெதுவாக வளரும், ஆனால் புற்றாக மாறுவது மிக அரிது. எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) வரும் சாக்லேட் கட்டியில் சிக்கல் வேறு மாதிரி: அதற்குப் பிரிந்து வரும் தெளிவான ஓடு கிடையாது, உரித்தெடுக்கும்போது பக்கத்திலுள்ள நல்ல ஃபாலிக்கிள்களும் சேர்ந்து போகும். இரு பக்கமும் கட்டி இருந்து, குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தால், அறுவைக்கு முன்பே ஏ.எம்.எச். பார்த்து, முட்டை எடுத்து உறைய வைப்பதா என்று முடிவுசெய்துகொள்வது நல்லது. அறுவைக்குப் பிறகு அந்தக் கேள்வி கேட்பதில் பயன் குறைவு.

கட்டி இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசரநிலை ஒன்று உண்டு: முறுக்கு. சினைப்பை இரண்டு தசைநார்களில் தொங்குகிறது. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி அதைக் கனமாக்கினால், காம்போடு சேர்ந்து அது சுற்றிக்கொள்ளும். வலது பக்கம்தான் அதிகம். இடது பக்கத்தில் பெருங்குடலின் வளைந்த பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் சுழல இடம் குறைவு. அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று கடும் வலி, கூடவே குமட்டல், வாந்தி. சில சமயம் வலி வந்து வந்து போகும். பாதி சுற்றிப் பிரியும்போது அப்படி ஆகும். சிறுமிகளிடம் தசைநார் நீளமாக இருப்பதால் கட்டியே இல்லாமலும் முறுக்கிக்கொள்ளலாம்.

இதில் பிழை நடப்பது ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில். "ரத்த ஓட்டம் இருக்கிறது, எனவே முறுக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சினைப்பைக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது: ஒன்று பெருந்தமனியிலிருந்து நேராக, மற்றொன்று கருப்பைத் தமனியின் கிளை வழியாக. முறுக்கும்போது முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைதான். தமனி வழியே ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியேற வழியிருக்காது, சினைப்பை வீங்கும். அந்தக் கட்டத்தில் டாப்ளர் ஓட்டத்தைக் காட்டத்தான் செய்யும். எனவே ஒரு பக்கச் சினைப்பை பெருத்து, ஃபாலிக்கிள்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, வலியும் வாந்தியும் இருந்தால் லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது சிறு துளை வழியே கேமரா செலுத்தி, நேரில் பார்ப்பதே முறை. கருநீலமாக இருந்தாலும் அவிழ்த்துவிட்டு உள்ளேயே வைக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. அப்படி விட்டுவைத்த பல சினைப்பைகளில் பின்னர் ஃபாலிக்கிள்கள் வளர்ந்திருக்கின்றன.

ஏ.எம்.எச்.சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை விற்கும் அளவுக்கு விளக்குபவர்கள் இல்லை. விழித்தெழுந்த சிறு ஃபாலிக்கிள்களின் கிரானுலோசா செல்கள் சுரப்பது அது. எவ்வளவு வளர்கிறதோ அதை வைத்து எவ்வளவு உறங்குகிறது என்று ஊகிக்கிறோம். எண்ணிக்கையைப் பற்றிய ஊகம் மட்டும்தான். தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. மாதம் வெளிவருவது ஒரு முட்டைதான் என்பதால், கருத்தரிப்பதில் சிக்கல் இல்லாத ஒருவருக்கு ஏ.எம்.எச். குறைவாக இருப்பது இயற்கையாகக் கருவுறும் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. 30 வயதுக்காரரின் 0.8, 41 வயதுக்காரரின் 3ஐவிடப் பொதுவாக நல்ல நிலை. டெஸ்ட் டியூப் சிகிச்சையில் ஊசியின் அளவை முடிவுசெய்யவும், சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து யாருக்கு என்று கணிக்கவும் அது மிகப் பயன்படும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு எண் குறைத்துக் காட்டும். நிறுத்தினால் சில மாதங்களில் மீளும். அலகையும் கவனியுங்கள்: சில ஆய்வகங்கள் மி.லி.க்கு நானோகிராமிலும், சில லிட்டருக்குப் பைக்கோமோலிலும் தருகின்றன. முன்னதை 7.14ஆல் பெருக்கினால் பின்னது. 3 என்பதும் 21.4 என்பதும் ஒரே அளவுதான். இரண்டு ரிப்போர்ட்டை அருகருகே வைத்துக்கொண்டு பதறியவர்கள் உண்டு.

தரம் எங்கே கெடுகிறது? முட்டைச் செல் தன் குரோமோசோம் பிரிவினையைத் தாய் வயிற்றிலேயே தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறது. எல்.எச். எகிறும் அன்றுதான் மீண்டும் தொடங்குகிறது. 38 வயதில் வெளிவரும் முட்டை 38 ஆண்டுக்கும் மேலாக அந்த இடைநிறுத்தத்தில் இருந்தது. அவ்வளவு காலமும் இணைக் குரோமோசோம்களைக் கட்டிவைத்திருப்பது கோஹெசின் என்ற புரதம். சிசுப் பருவத்தில் போட்ட அந்தக் கட்டு பின்னர் புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. தையல் விட்ட பழந்துணி போல அது நெகிழ்ந்துவிட்டால் குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரியாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250இல் 1. 35இல் 350இல் 1. 40இல் 100இல் 1. 45இல் 30இல் 1. கருச்சிதைவு கூடுவதற்கும் இதுவே முதன்மைக் காரணம். கருப்பைக்கு இதில் பங்கு சிறிது: தானமாகப் பெற்ற முட்டையில் வெற்றி வாய்ப்பு, பெறுபவரின் வயதைவிடக் கொடுத்தவரின் வயதையே பெரிதும் பின்பற்றுகிறது. உறைய வைத்த முட்டைக்கும் உறைந்த அன்றைய வயதுதான்.

எண்ணிக்கை கீழிறங்கும்போது முதலில் தெரிவது சுழற்சி சுருங்குவது. 28 நாள் 25, 26 ஆகும், எஃப்.எஸ்.எச். முன்கூட்டியே உயர்ந்து ஃபாலிக்கிளைச் சீக்கிரம் கிளப்பிவிடுவதால் இப்படி. பிறகு ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் 7 நாளுக்கு மேல் வித்தியாசம் வரும். அப்புறம் 60 நாள் இடைவெளி. கடைசியில் தொடர்ந்து 12 மாதம் வராமல் போனால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று பொருள். 45க்கு மேல் இதை உறுதிசெய்ய எஃப்.எஸ்.எச். பார்ப்பது பணவிரயம், இந்த மாதம் 60, அடுத்த மாதம் 9 என்று அது ஆடும். அந்த ஆட்டத்தின் நடுவே முட்டையும் வெளிவரலாம் என்பதால் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு, 50க்குக் கீழ் இரண்டு ஆண்டும் 50க்கு மேல் ஓராண்டும் கருத்தடை தேவை. 12 மாதம் கழிந்த பின் சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். வந்தது மாதவிடாயல்ல.

40 வயதுக்குள் இது நடந்தால் பேச்சே வேறு. நான்கு மாதம் மாதவிடாய் இல்லாமலோ தாறுமாறாகவோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் என்றால் சினைப்பை முன்கூட்டியே தளர்ந்திருக்கிறது. குரோமோசோம் ஆய்வு, எஃப்.எம்.ஆர்.1 மரபணு, தைராய்டு, அட்ரீனல் எதிர்ப்புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பார்த்தும் பலருக்குக் காரணம் கிடைக்காது. 50 வயதுவாக்கு வரை ஹார்மோன் எடுத்துக்கொள்வது இவர்களுக்கு அவசியம். எலும்பும் இதயமும் அந்த ஈஸ்ட்ரோஜனை நம்பியிருக்கின்றன. 60 வயதில் ஹார்மோன் தொடங்குவோருக்குச் சொல்லும் அபாயங்களை 32 வயதுக்காரரிடம் சொல்லிப் பயமுறுத்துவது தவறு. நூற்றில் ஐந்து பேருக்குத் தானாகவே கரு தங்குவதும் உண்டு.

பி.சி.ஓ.எஸ்.சில் இருப்பவை உண்மையில் கட்டிகளே அல்ல. பாதியில் நின்றுபோன 2 முதல் 9 மி.மீ. ஃபாலிக்கிள்கள். இன்சுலினும் எல்.எச்.சும் கூடி ஆண்ட்ரோஜனை மிகுதியாக்குகின்றன. முன்னேற வேண்டிய ஒன்று தேர்வாவதில்லை. ஒழுங்கற்ற சுழற்சி, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் பெயர் சூட்டலாம். அதுவும் தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளை விலக்கிய பிறகு. ஸ்கேனுக்கு இன்றைய வரையறை: ஒரு சினைப்பையிலாவது 20 ஃபாலிக்கிளோ, 10 மி.லி. கொள்ளளவோ. பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதில் ஏ.எம்.எச்.சைக் கணக்கில் எடுக்கலாம் என்று 2023 சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. பூப்படைந்து 8 ஆண்டுகளுக்குள் இரண்டையும் பயன்படுத்தக்கூடாது, ஏனென்றால் அந்த வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். 16 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனை மட்டும் பார்த்துப் பி.சி.ஓ.எஸ். என்று எழுதிக்கொடுப்பது எரிச்சலூட்டும் வழக்கம். கவனிக்க வேண்டியவை வேறு: 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது, மூன்று மாதத்துக்கு மேல் ரத்தப்போக்கு இல்லாவிட்டால் புரோஜெஸ்ட்டிரோன் வகை மாத்திரை 10 முதல் 14 நாள் கொடுத்து வரவைப்பது. புரோஜெஸ்ட்டிரோனின் எதிர்ப்பில்லாத ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவரைத் தடிக்க வைத்து, காலப்போக்கில் புற்றுக்கே கொண்டுபோகலாம். குழந்தை வேண்டுவோருக்கு முட்டை வெளிவரத் தூண்டும் முதல் மருந்து லெட்ரோசோல்.

கடைசியாகப் புற்று. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்லும் மிகக் கொடிய வகை பெரும்பாலும் சினைப்பையில் பிறப்பதில்லை. கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்கிச் சினைப்பையின் மேல் உதிர்ந்து வளர்கிறது. ஸ்கேனில் முன்கூட்டியே பிடிபடாததற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேரை ஆண்டுதோறும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை அல்லது ஸ்கேன் வழியாகப் பார்த்து, மீதிப் பேரோடு ஒப்பிட்டார்கள்; 2021இல் வெளியான முடிவில் இறப்பு குறையவில்லை. அறிகுறி இல்லாதவர்கள் சி.ஏ. 125 பார்த்துக்கொள்வதில் அதனால்தான் பொருளில்லை. முதல் நிலைப் புற்றில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இயல்பாகவே இருக்கும். மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் இயல்பின் மேல்வரம்பான 35ஐத் தாண்டலாம். 50க்கு மேல் புதிதாக வயிற்று உப்பசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துபோவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை மாதத்தில் 12 நாளுக்கு மேல் தொடர்ந்தால் அப்போது பார்க்க வேண்டும். வாயுத் தொல்லை என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் காலம் போவது இங்கேதான். இளம்பெண்களுக்கு வரும் வகை வேறு, அதற்கு ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும், மறு சினைப்பையையும் கருப்பையையும் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

சந்தேகத்துக்குரிய கட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்கக் கூடாது. உடையாமல் முழுதாக எடுத்தால் முதல் நிலையின் ஏ பிரிவில் நிற்பது, உடைந்து சிந்தினால் சி பிரிவுக்குப் போய்விடும். கீமோதெரப்பி தேவையா என்ற முடிவே மாறலாம். பிராக்கா 1 மரபணு மாற்றம் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் இந்தப் புற்று வரும். பிராக்கா 2 என்றால் அதைவிடக் குறைவு. குழந்தைப்பேறு முடிந்தபின் முன்னவர்கள் 35 முதல் 40 வயதிலும், பின்னவர்கள் 40 முதல் 45 வயதிலும் சினைப்பைகளோடு கருக்குழாய்களையும் எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பும் படிவத்தில் மரபணு மாற்றத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அப்போதுதான் குழாயின் நுனியை 2, 3 மி.மீ. துண்டுகளாக நறுக்கி முழுவதும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சாதாரண மாதிரியாக அனுப்பினால் ஓரிரு துண்டோடு முடிந்துவிடும், ஒளிந்திருக்கும் புற்று தவறிப்போகும்.